மூலத்தை விட்டதுதானா குற்றம்?

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையைத் தழுவி, 2011 முதல் 2019 வரை எட்டுப் பருவங்களில் 73 பகுதிகளாக எச்.பி.ஓ. ஒளிபரப்பிய 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம், 'நூல் கையில் இருந்தவரை தொடர் நன்றாக இருந்தது. நூல் தீர்ந்ததும் கெட்டது' என்னும் அபிப்பிராயம் முடிந்த தீர்ப்பைப் போலச் சொல்லப்படுகிறது. தொடரின் முடிவு பலரைப் போலவே என்னையும் வருத்தியது. ஆயினும் அவ்வருத்தத்துக்கு இவ்வபிப்பிராயம் கற்பிக்கும் காரணம் பிழையானது என்பதும், அப்பிழை தழுவல் என்னும் கலையையே வெறும் பிரதியெடுக்கும் தொழிலாகத் தாழ்த்திவிடுகிறது என்பதும் என் திடமான எண்ணம்.

முதலாவதாக, ஆரம்பப் பருவங்களின் மேன்மை நூலை அப்படியே அனுசரித்ததால் விளைந்தது என்கிறார்கள். 1996இல் வெளிவந்த முதல் நாவல், தொடக்கப் பகுதி நீங்கலாக, எட்டுப் பாத்திரங்களின் கண்வழியாகவே நடக்கிறது. மன்னன் ராபர்ட்டும் அரசி செர்சியும் அவ்வெண்மரில் இல்லாமையால் அவர்களுடைய ஏகாந்தத்துக்குள் வாசகன் புக வழியில்லை. தொடரிலோ, முதற்பருவத்தின் ஐந்தாம் பகுதியில், மது அருந்தியபடி அவ்விருவரும் தங்கள் பாழ்பட்ட தாம்பத்தியத்தைப் பற்றிப் பகையின்றிப் பேசிக்கொள்கிறார்கள். தங்களுக்குள் அன்பு மலர என்றேனும் வாய்ப்பிருந்ததா என்று அவள் கேட்க, இல்லையென்று அவன் ஒப்புக்கொள்ளும் அச்சில நிமிஷங்களில், ஒரு ராஜ்யம் ஏன் சிதையப்போகிறது என்பது நமக்கு விளங்கிவிடுகிறது. நூலில் இல்லாத காட்சி அது. எனினும் நூலின் ஆன்மா அதில் பூரணமாக இருக்கிறது.

இரண்டாவதாக, நூல் இருந்த காலத்தில் குறையே நேரவில்லை என்கிறார்கள். டோர்ன் நாட்டுக் கதையைக் கூறும் நான்காம், ஐந்தாம் நாவல்கள் 2005லும் 2011லுமே வெளிவந்துவிட்டன. அப்படியிருந்தும், சதி செய்யும் இளவரசி அரியானையைத் தொடர் அடியோடு நீக்கியது; பொறுமையையே ஆயுதமாகக் கொண்ட அவள் தந்தை டோரனை, காவலர்கள் சிலைபோல் நின்று பார்த்திருக்க, ஆறாம் பருவத்தின் முதற்பகுதியிலேயே கொன்றும் விட்டது. காவலர் ஏன் அசையவில்லை என்பதற்கு நாம் நம்பும்படியான காரணம் காட்டப்படவில்லை. நூல் மேசைமேல் திறந்து கிடந்தபோதே நேர்ந்த வீழ்ச்சி இது.

மூன்றாவதாக, படைப்பாளர்களான டேவிட் பெனியோஃபுக்கும் டி. பி. வைஸுக்கும் சொந்தமாகக் கற்பிக்கும் வன்மை இல்லை என்கிறார்கள். ஹார்ட்ஹோம் என்னும் ஊரின் துயரம் நாவலில் ஒரு கடிதத்தின் சில வரிகளாக மட்டுமே வருகிறது. தொடர் அங்கே கதாநாயகன் ஜானையே நேரில் கொண்டுபோய் நிறுத்துகிறது. படகில் தப்பிச் செல்லும் அவனைக் கரையிலிருந்து நோக்கியபடி, பிணப்படையின் தலைவனான இரவு மன்னன் மெல்ல இரு கைகளையும் உயர்த்த, சற்றுமுன் மாண்டவர்களெல்லாம் மௌனமாக எழுந்து நிற்கும் அக்காட்சியைக் கண்டவர்கள் இந்தக் குற்றச்சாட்டைச் சொல்ல மனம் துணிவார்களா?

நான்காவதாக, ஆசிரியரின் துணை அற்றுப்போனதால் முடிவு கெட்டது என்கிறார்கள். கதை சென்றடையும் பிரதான நிலைகளை மார்ட்டின் முன்கூட்டியே படைப்பாளர்களிடம் சொல்லியிருந்தார். தொடரின் முடிவில் ஸ்டார்க் குலத்து இளைஞன் பிரான் அரசனாவது மார்ட்டினின் எண்ணமே என்று அவர்கள் தம்மிடம் கூறியதாக, அவ்வேடம் தாங்கிய நடிகரே தெரிவித்திருக்கிறார். குறைந்தது ஆசிரியரின் துணையன்று, அவகாசம். பத்துப் பத்துப் பகுதிகளாக வந்த தொடர், ஏழாம் பருவத்தில் ஏழாகவும் எட்டாம் பருவத்தில் ஆறாகவும் சுருங்கியது. வழிப்பயணங்களில் மனிதர் மனம் மாறுவதைக் காட்டிய கதை, பயணங்களையே விழுங்கி ஓடியது.

நாவல்கள் பேருதவி புரிந்தன என்பதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு செயலுக்கும் முன்காரணத்தையும் பின்விளைவையும் அவை ஆயத்தமாக வைத்திருந்தன. அவை நின்றபின் அந்தக் காரணகாரியத் தொடர்பைத் தாமே பொறுமையாக நெய்வது படைப்பாளர்களின் கடமையாயிற்று. அக்கடமையிலிருந்து வழுவியதே குற்றம். மூலத்தை விட்டது குற்றமன்று.

இதற்குச் சான்றாக இரண்டு காட்சிகளை அருகருகே வைக்கிறேன். முதற்பருவத்தில் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லப்படும் எட்டார்ட் ஸ்டார்க், பேலர் சிலையடியில் தன் சிறுமகள் ஆர்யா அமர்ந்திருப்பதைக் கண்டு, கூட்டத்தில் நிற்கும், தனக்கு அறிமுகமான யோரனைக் கடக்கும்போது, அவளைக் காக்கும்படி குறிப்பாக, 'பேலர்' என்று ஒரே ஒரு சொல் உரைக்கிறான். தன் உயிரைப் பற்றியன்றி மகளின் கண்களைப் பற்றியே கவலையுற்ற அத்தந்தையின் சொல் மார்ட்டினின் நாவலில் இல்லை. ஆயினும் ஒன்பது பகுதிகளாக நாம் அறிந்த அவன் நெஞ்சிலிருந்தே அது பிறந்ததால், ஒருவரும் அதை அந்நியமாக எண்ணவில்லை. பிரானின் முடிசூட்டோ ஆசிரியரின் சம்மதம் பெற்றது. ஐந்தாம் பருவம் முழுவதும் கண்ணிலேயே காட்டப்படாத அவ்விளைஞனைச் சில நிமிஷப் பேச்சால் அரியணை ஏற்றியபோது, ஆசிரியரின் அந்த எண்ணம்தான் நமக்கு அந்நியமாக வந்து நின்றது.