பாட்டியின் புருவமும் பேரனின் கையும்

பி.டி.எஸ். இசைக்குழுவின் ஜங்குக்கை அறியாத பதின்வயதுப் பிள்ளைகள் நம் வீடுகளில் இப்போது குறைவு. வலது கை நெடுகப் பச்சை குத்திக்கொண்டவர் அவர். கொரியத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிலோ அந்தக் கை வெகுகாலம் முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்திருந்தது. அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. பாடகர், நடிகர், விளையாட்டு வீரர் என யாராக இருந்தாலும் கேமராவுக்கு முன் வரும்போது பச்சையின் மேல் தோல்நிறப் பட்டை ஒட்டிக்கொள்வது அங்கே நெடுநாள் வழக்கம். ஒட்டத் தவறினால் படத்தொகுப்பில் அந்த இடத்தை மங்கலாக்கிவிடுவார்கள்.

இதைப் பார்க்கும் வெளிநாட்டு ரசிகர்கள் பலர், தென் கொரியாவில் பச்சை குத்திக்கொள்வதே குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. உடம்பில் பச்சை இருக்கிறது என்பதற்காக அங்கே ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் இல்லை. பிறரை மிரட்டும்படி வேண்டுமென்றே அதைக் காட்டித் திரிந்தால் சிறு குற்றங்களுக்கான சட்டத்தில் ஒரு சிறு அபராதம் உண்டு, அவ்வளவுதான். சட்டம் பாய்ந்ததெல்லாம் குத்திவிடுபவர் மீது. குத்திக்கொள்ளலாம், ஆனால் குத்திவிட ஆள் இருக்கக்கூடாது என்ற இந்த விசித்திரமான நிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் மற்ற குழப்பங்கள் பாதி தீர்ந்துவிடும்.

1992ஆம் ஆண்டு கொரிய உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த வழக்கு, புருவத்தில் மை ஏற்றும் அழகுத் தொழில் பற்றியது. ஊசி மேல்தோலைத் தாண்டி உள்தோலைத் தொடக்கூடும், ஒரே ஊசியைப் பலருக்குப் பயன்படுத்தினால் நோய் தொற்றக்கூடும், ஆகவே இது மருத்துவச் செயல் என்றது நீதிமன்றம். மருத்துவச் செயலென்றால் மருத்துவர்தான் செய்ய வேண்டும். மற்றவர் செய்தால் மருத்துவச் சேவைச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறை அல்லது 5 கோடி வோன் வரை அபராதம். ஆறேழு ஆண்டு மருத்துவம் படித்துவிட்டுத் தோளில் ரோஜாப்பூ வரைய யார் உட்காருவார்? ஒரு தொழில் முழுக்கவே இப்படித் தரைக்கடியில் போனது. தலைநகர் சோலில் ஹோங்டே, இதேவோன் பக்கத்துச் சந்துகளில், பெயர்ப்பலகை இல்லாத அறைகளில், இன்ஸ்டாகிராமில் முன்பதிவு செய்தவருக்கு மட்டும் முகவரி சொல்லி வேலை நடந்தது.

அந்த இருட்டறைகளில்தான் உலகமே இன்று 'கொரியப் பாணி' என்று சொல்லும் கலை வளர்ந்தது என்பதை நினைத்தால் எனக்கு வியப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகிறது. மயிரிழை போன்ற கோடுகள், நீர்வண்ண ஓவியம் போல் கசியும் நிறங்கள், விரல்நகம் அளவு பூக்கள். டோய் என்ற பெயரில் அறியப்படும் கிம் டோ-யூன், பிராட் பிட் போன்றவர்களுக்குப் பச்சை குத்தியவர். கொரிய நடிகை ஒருவருக்குக் குத்திவிட்டதற்காக 2021 டிசம்பரில் அவருக்கு சோல் நீதிமன்றம் 50 லட்சம் வோன் அபராதம் விதித்தது. அவர் 2020இல் தொடங்கிய தொழிற்சங்கம் வெளியே கொண்டுவந்த கதைகள் இன்னும் கனமானவை. வேலை முடிந்ததும் பணம் தராமல், போலீசுக்குச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டிய வாடிக்கையாளர்கள் உண்டு. அத்துமீறலுக்கு ஆளாகியும் புகார் கொடுக்க முடியாமல் போன பெண் கலைஞர்கள் உண்டு. புகார் கொடுத்தால் முதலில் சிக்குவது தாங்கள்தானே.

ஜப்பானின் உச்ச நீதிமன்றம் 2020இல் பச்சை குத்துவது மருத்துவச் செயலாகாது என்று தீர்ப்பளித்துவிட்டது. கொரிய அரசியலமைப்பு நீதிமன்றமோ 2022 மார்ச்சில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் பழைய நிலையையே உறுதி செய்தது. மருத்துவர் சங்கமும் கடைசிவரை எதிர்த்தது. இவ்வளவுக்கும் பிறகு 2025 செப்டம்பர் 25 அன்று கொரிய நாடாளுமன்றம் பச்சை குத்துவோருக்கான தனிச் சட்டத்தை நிறைவேற்றியது. தேசியத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும், சுகாதாரப் பயிற்சி எடுக்க வேண்டும், பெற்றோர் சம்மதமில்லாமல் சிறாருக்குக் குத்தக்கூடாது, குத்தியதை அழிக்கும் வேலை மருத்துவருக்கே என்பன அதன் முக்கிய விதிகள். இரண்டாண்டு ஆயத்த காலம் முடிந்து 2027இல் அது நடைமுறைக்கு வரும்.

இனி பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன். நீதிமன்றம் பேசியது கிருமியைப் பற்றி. வீடுகளில் பேசப்படுவது வேறு.

கொரிய மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் புழங்குகின்றன. 'முன்சின்' பழைய சொல், சீன எழுத்துவழி வந்தது. 'தாத்து' ஆங்கிலத்திலிருந்து வந்த புதுச் சொல். அடியாள் முதுகில் நெளியும் டிராகன் முன்சின், கல்லூரிப் பெண்ணின் மணிக்கட்டில் பூத்திருக்கும் சிறு மலர் தாத்து. சொல்லை மாற்றினால் பழியும் மாறும் என்று இளையவர்கள் நம்புகிறார்கள். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் பழைய சொல் எந்தக் கூச்சமுமில்லாமல் புழங்குகிறது. புருவத்தில் மை ஏற்றிக்கொள்வதை 'புருவ முன்சின்' என்றுதான் பாட்டிமார் சொல்கிறார்கள். நடுவயதுப் பெண்களில் மிகப் பலர் இதைச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆண்களும், அரசியல்வாதிகள் உட்பட, செய்துகொள்கிறார்கள். 1992 தீர்ப்பே புருவத்தைப் பற்றியதுதான் என்பதால், பேரனின் முழங்கையைப் பார்த்து முகம் சுளிக்கும் பாட்டியின் புருவமும் அதே சட்டத்துக்கு விரோதமாகத் தீட்டப்பட்டதாகவே பெரும்பாலும் இருக்கும். அவர் பொய்யாக நடந்துகொள்கிறார் என்று நான் சொல்லமாட்டேன். புருவத்து மை உள்ளதைச் சீராக்குகிறது, கைமேல் இருக்கும் படம் இல்லாததைச் சேர்க்கிறது என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

மூன்றாம் நூற்றாண்டுச் சீன வரலாற்று நூல் ஒன்று, கொரியத் தீபகற்பத்தின் தென்பகுதி மக்கள் பச்சை குத்திக்கொள்வதைக் குறிப்பிடுகிறது. அப்போது அது இழிவாக இருந்திருக்காது. பிற்கால அரசுகளில் அது தண்டனையாயிற்று. திருடியவரின் உடலில், சில வேளை முகத்திலேயே, குற்றத்தை எழுத்தாகக் குத்தினார்கள். ஜோசோன் வம்ச மன்னர் யோங்ஜோ 1740இல்தான் இத்தண்டனையை ஒழித்தார். இதன்மேல் கன்பூசிய நெறி வேறு. உடலும் முடியும் தோலும் பெற்றோர் தந்தவை, அவற்றைச் சேதமில்லாமல் காப்பதிலேயே பிள்ளைக் கடமை தொடங்குகிறது என்பது அந்நெறியின் பாடம். 1895இல் ஆண்கள் உச்சிக்குடுமியை வெட்ட வேண்டும் என்று அரசாணை வந்தபோது நாடெங்கும் கொந்தளித்தார்கள். தலைபோனாலும் குடுமி போகாது என்று நின்ற அறிஞர்கள் இருந்தார்கள். முடிக்கே அப்படியென்றால் தோலுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பின்னர் வந்த காலம் இந்தப் பழியை ஆழப்படுத்தியது. 1980இல் சுன் டூ-ஹ்வானின் ராணுவ ஆட்சி 'சமூகச் சுத்திகரிப்பு' என்ற பெயரில் அறுபதாயிரம் பேரைப் பிடித்து, அவர்களில் சுமார் நாற்பதாயிரம் பேரைச் சம்சோங் முகாம்களுக்கு அனுப்பி வதைத்தது. உடம்பில் பச்சை இருந்ததே போதுமான அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டதை அக்காலத்தவர் மறக்கவில்லை. கட்டாய ராணுவச் சேவையிலும் உடம்பு நிறையப் பச்சை உள்ளவர்களைப் படைப்பணிக்கு எடுக்காமல் மாற்றுப் பணிக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. 2021இல்தான் அதைக் கைவிட்டார்கள். இப்போது அறுபது, எழுபது வயதில் இருப்பவருக்குப் பச்சை என்றால் 'ஜோபோக்', அதாவது ரௌடிக் கும்பல், என்ற எண்ணம் சும்மா வந்துவிடவில்லை. நம் ஊரில் கையில் பச்சை என்றால் பல பேருக்கு முதலில் நினைவு வருவது கிராமத்துப் பாட்டியின் முழங்கைக் கோலம். கொரியாவைப் புரிந்துகொள்ள அந்த நினைவைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும்.

நடிகையும் பாடகியுமான நானாவின் கதையை இங்கே சொல்லத் தோன்றுகிறது. 2022இல் ஒரு திரைப்படத்தின் செய்தியாளர் சந்திப்புக்குக் கையிலும் காலிலும் தெரியும்படி பல பச்சைகளோடு வந்தார், நாடே பேசியது. மறு ஆண்டு அவற்றை அழித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ரசிகர்களோ பத்திரிகைகளோ அவரை மாற்றவில்லை. மகளின் உடம்பை முன்புபோல் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டாராம். அழிப்பது குத்துவதைவிட வலிக்கும் என்று தெரிந்தும் அவர் அதற்கு இணங்கினார். கொரியாவில் பச்சையைப் பற்றிய வழக்கு கடைசியில் எந்த நீதிமன்றத்தில் நடக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அங்கே வாழும் வெளிநாட்டவரின் அனுபவத்தை இந்த வெளிச்சத்தில்தான் படிக்க வேண்டும். அமெரிக்கரோ ஐரோப்பியரோ கைநிறையப் பச்சையோடு சுரங்க ரயிலில் ஏறினால், 'அவர்கள் ஊர் வழக்கம்' என்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கொரியர்கள் திறந்த மனதோடு இருக்கிறார்கள் என்று அவர் மகிழ்ந்து சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை, முழுதுமில்லை. அந்த வெளிநாட்டவருக்குக் கொரியத் தாய் இல்லை, குடும்பப் பெயரைக் காக்கும் கடமை இல்லை. கணக்கிலேயே இல்லாதவரிடம் யார் கணக்குக் கேட்பார்கள்? இந்தச் சலுகையை ஏற்பு என்று எடுத்துக்கொள்வதுதான் பலர் செய்யும் பிழை. அதுவும் எல்லா நாட்டவருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறது என்று நான் நம்பவில்லை.

அந்த வெளிநாட்டவரே ஆங்கில ஆசிரியராகச் சேரும்போது சலுகை சுருங்கிவிடுகிறது. அரசுப் பள்ளிகளுக்கு ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் எபிக் திட்டத்தின் விண்ணப்பத்திலேயே பச்சை இருக்கிறதா என்ற கேள்வி உண்டு. 'ஹக்வோன்' எனப்படும் தனியார் பயிற்சிக்கூடங்கள் பெற்றோர் கட்டும் பணத்தில் ஓடுபவை; ஜூலை மாதப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொல்வார்கள். ஆசிரியர் ஆனதும் அவர் ஒரு கொரியக் குழந்தையின் பெரியவர் ஆகிவிடுகிறார், அதனால் குடும்பக் கணக்குக்குள்ளும் வந்துவிடுகிறார். இதைத் தன் மீதான வெறுப்பாக எண்ணி மனம் கசந்தவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: நீங்கள் முதன்முறையாகக் கொரியரைப் போல் நடத்தப்படுகிறீர்கள்.

மிகவும் சிக்கலான நிலை 'கியோபோ'க்களுடையது. வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த கொரிய வம்சத்தினரை அப்படிச் சொல்வார்கள். சியாட்டில் பக்கம் வளர்ந்து சோலுக்கு வந்து புகழ்பெற்ற பாடகர் ஜே பார்க், உடல் நெடுகப் பச்சை கொண்டவர். பழக்கத்தில் அமெரிக்கர், முகத்தில் கொரியர். 'அவர்கள் ஊர் வழக்கம்' என்ற மன்னிப்பு முகத்தைப் பார்த்துத்தான் தரப்படுகிறது என்பதால், அவரைப் போன்றவர்களுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. லாஸ் ஏஞ்சலிஸிலோ நியூயார்க்கிலோ யாரும் திரும்பிப் பார்க்காத அதே கை, சோலில் அத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எல்லோரையும் மௌனமாக்கிவிடும். இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. 1970களில் குடிபெயர்ந்த பெற்றோர் தாம் விட்டுவந்த கொரியாவை அப்படியே பெட்டியில் மடித்து எடுத்துச் சென்றார்கள். சோல் மாறிக்கொண்டே இருந்தது, பெட்டிக்குள் இருந்தது மாறவில்லை. புலம்பெயர்ந்த வீட்டில் மகனின் பச்சைக்கு நடக்கும் சண்டை, சோல் வீட்டில் நடப்பதைவிடக் கடுமையாக இருந்தால் காரணம் இதுதான். நம் புலம்பெயர்ந்த குடும்பங்களில் தாலியும் சாதியும் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் கிழவர்களின் பிடிவாதம், தலைமுறை மாறினால் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. உடம்பு நிறையப் பச்சையோடு திரியும் பருமனான இளைஞர்களைக் குறிக்க 'பச்சை'யையும் 'பன்றி'யையும் ஒட்டி ஒரு வசைச்சொல் இணையத்தில் உலவுகிறது. அதைப் புழங்குவோர் இளைஞர்களே. நீச்சல் குளங்களிலும் உடற்பயிற்சிக் கூடங்களிலும் பெரிய பச்சை உள்ளவர் வரவேண்டாம் என்ற அறிவிப்புகள் அண்மை ஆண்டுகளில்தான் பெருகின. பொதுக் குளியலறையில் எல்லாரும் ஆடையின்றி ஒன்றாக உட்காரும் நாட்டில் உடம்பு ஒருவரது சொந்த விஷயம் மட்டுமாக இருப்பது கடினம். மறுபுறம், 2021இல் ரியூ ஹோ-ஜோங் என்ற இளம் பெண் உறுப்பினர் நாடாளுமன்ற வளாகத்தில் முதுகு தெரியும் உடையில், பூக்களை ஒட்டுப்படமாகப் பதித்துக்கொண்டு, சட்டமாற்றம் கேட்டு நின்றார். அன்று அவரைத் திட்டியவர்களிலும் வாழ்த்தியவர்களிலும் எல்லா வயதினரும் இருந்தார்கள்.

புதுச் சட்டம் செய்யப்போகும் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஊசி சுத்தமாக இருக்கும், கலைஞர் வரி கட்டுவார், மிரட்டியவன் மீது புகார் கொடுப்பார், ஹோங்டேயின் சந்துகளில் பெயர்ப்பலகை ஏறும். பச்சை குத்திக்கொள்வதற்கென்றே சோலுக்குப் பறந்துவரும் வெளிநாட்டவர் இனி முகவரியை ரகசியமாகக் கேட்க வேண்டியிருக்காது. ஆனால் வேலைக்கான விண்ணப்பத்தில் புகைப்படம் ஒட்டி அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. நேர்காணலில் யாரும் வாய்விட்டுக் கேட்காத அந்தக் கேள்வியும் போகாது. 2027இல் உரிமம் வாங்கப்போகும் முதல் தொகுதியில் பெரும்பாலோர் டிராகனும் ரோஜாவும் வரைபவர்களாக இருக்கமாட்டார்கள், புருவம் தீட்டுபவர்களாகவே இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுடைய கடைக்குள் பாட்டி தயக்கமில்லாமல் நுழைவார். பேரனைக் கூடவே அழைத்துக்கொண்டு போவாரா என்றுதான் தெரியவில்லை.