மாட்டு வண்டியில் வந்த நூலகமும் பூட்டிக் கிடக்கும் கட்டிடமும்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசல் என்று ஒரு சின்ன கிராமம். 1931 அக்டோபர் 21ஆம் தேதி அங்கே ஒரு மாட்டு வண்டிக்குத் தொடக்க விழா நடந்தது. வண்டியில் நெல் மூட்டை இல்லை, வைக்கோல் இல்லை. அத்தனையும் புத்தகம்! இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என்று சொல்லப்படுவது அதுதான். வண்டியை வடிவமைத்தவர் கனகசபைப் பிள்ளை.

அதே 1931ல்தான் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். புத்தகம் இருப்பது பயன்படுத்தத்தான் என்பது முதல் விதியின் சாரம். ஊர் ஊராகப் போன அந்த வண்டிக்கு இந்த விதியை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது எதற்கு இந்தப் பழங்கதை என்கிறீர்களா? "கிராமத்துல யாருங்க இப்ப படிக்கிறாங்க? எல்லார் கையிலயும் செல்போன்" என்று ஒரு சால்ஜாப்பு ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்காகத்தான்.

1931 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 100க்கு 10 பேர்கூட இல்லை. அந்தக் காலத்தில் வண்டி கட்டிக்கொண்டு புத்தகத்தோடு போனார்கள். ஒருவர் உரக்கப் படிக்க, திண்ணையைச் சுற்றி நாலு பேர் கேட்ட காலம் அது. 2011ல் தமிழ்நாட்டில் படித்தவர்கள் 100க்கு 80 பேர். இன்றைக்குப் போய் "வாசகர் இல்லை" என்றால் யார் நம்புவது?

காசு இல்லையா? அதுவும் பொய். 1948லேயே சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் போட்டுவிட்டது. சுதந்திர இந்தியாவில் இதற்கென்று வந்த முதல் மாகாணச் சட்டம். அதன்படி வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள், ரூபாய்க்கு 10 பைசா. குடிசைக்கு வரி கட்டும் கிழவியும் இதைக் கட்டுகிறாள்.

அடுத்து, 2006ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒரு நூலகம் என்று கட்டினார்கள். தமிழ்நாட்டில் 12,000க்கும் அதிகமான ஊராட்சிகள். எவ்வளவு பெரிய காரியம்! ஆனால் அதற்குள்ளேயே ஒரு கோளாறு. நூலக வரி போய்ச் சேரும் இடம் மாவட்ட நூலக ஆணைக்குழு. இந்தக் கட்டிடங்களோ ஊராட்சியின் பொறுப்பு. வரி ஒரு வழி, நூலகம் வேறு வழி! பார்த்துக்கொள்ள வந்தவருக்குக் கிடைத்தது சொற்ப மதிப்பூதியம். அந்தக் காசுக்கு தினமும் வந்து கதவைத் திறப்பவர் எத்தனை நாள் திறப்பார்?

2011ல் ஆட்சி மாறியது. பல ஊர்களில் பூட்டு விழுந்தது. உள்ளே கரையான் புத்தகத்தை முழுசாகப் படித்து முடித்தது. 2021க்குப் பிறகு பல கட்டிடங்களைப் பழுது பார்த்திருக்கிறார்கள். நல்லது, பாராட்டலாம். ஆனால் சுண்ணாம்பு அடித்தால் சுவர்தான் வெள்ளையாகும். சாவி யாரிடம், மாலை எத்தனை மணிக்குத் திறக்கும், புதுப் புத்தகம் எப்போது வரும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத ஊரில் இருப்பது நூலகமே இல்லை, பெயர்ப் பலகை மாட்டிய ஒரு அறை.

இதில் நஷ்டப்படுவது யார்? வசதி இருப்பவன் ஆன்லைனில் புத்தகம் வாங்கிவிடுவான். அரசுத் தேர்வுக்குப் படிக்கும் கூலித் தொழிலாளி மகள்தான் பஸ் பிடித்து டவுன் நூலகத்துக்கு ஓடுகிறாள். கடைசி பஸ்ஸை நினைத்துப் பாதியில் எழுந்து வருகிறாள். அவள் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி ஒரு நூலகம் பூட்டிக் கிடக்கிறது. அதற்கும் சேர்த்துத்தான் அவள் அப்பா வரி கட்டுகிறார்.

கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஊரில் வசூலாகும் நூலக வரியில் ஒரு பங்கு அந்த ஊர் நூலகத்துக்கே திரும்பட்டும். உள்ளூரில் படித்துவிட்டுச் சும்மா இருக்கும் ஒருவருக்கு ஒழுங்கான சம்பளம் கொடுத்து, தினமும் மாலை 5 மணியிலிருந்து 8 மணி வரை திறக்கச் சொல்லட்டும். வரவு செலவு கிராம சபையில் வாசிக்கப்படட்டும். அடுத்த கிராம சபையில் யாராவது ஒருவர் எழுந்து சாவி யாரிடம் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

1931ல் மாடு இழுத்துப் போன வேலை இது. மோட்டார் வைத்திருக்கும் அரசாங்கத்தால் முடியாதா?