பிறர் அட்டையும் தன் அட்டையும்

நாவிதன்வெளியிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்கு வேலை தேடிச் செல்லும் பட்டதாரி இளைஞனின் சட்டைப்பையில் இருவகை அட்டைகளுள் ஒன்று இருத்தல் கூடும். ஒன்று, அரசியல்வாதி ஒருவரின் பெயர் பொறித்தது. அதன் பின்புறத்தில் ‘ஆவன செய்க’ என்ற இரு சொற்களும் ஒரு கையொப்பமும் காணப்படும். மற்றையது, அவனே அச்சிடுவித்த, தன் பெயரையும் தன் திறனையும் தாங்கியது. முன்னையதை வைத்திருப்பவனை ஊர் கெட்டிக்காரன் என்கிறது. பின்னையதை நீட்டுபவனைப் பார்த்து, “வேலையே இல்லாதவனுக்கு விசிட்டிங் கார்ட் எதற்கு?” என நகைக்கிறது. இந்நகைப்பே கண்டிக்கத்தக்கது.

பிறர் பெயருக்கு இத்துணை மதிப்பு ஏற்பட்டது தற்செயலன்று. 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு அரச சேவை நியமனங்களின் பொறுப்பை அமைச்சரவையிடம் ஒப்படைத்தது. 1977இன் பின் வந்த தொழில் வங்கித் திட்டத்திலோ விண்ணப்பப் படிவங்களே பாராளுமன்ற உறுப்பினர்களின் கைவழியாக வழங்கப்பட்டன. படிவம் பெறுவதற்கே ஒருவரின் வாசலில் காத்து நிற்க வேண்டியிருந்ததெனின், படித்தவன் கற்ற முதற்பாடம் யாதாயிருந்திருக்கும்? 1989இல் நியமிக்கப்பட்டு 1990இல் அறிக்கை சமர்ப்பித்த இளைஞர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழு, இளைஞர் கொந்தளிப்பின் முக்கிய காரணங்களுள் ஒன்றாக அரசியல்மயமாக்கலைச் சுட்டிக்காட்டியது. தெற்கிலே ஆயிரக்கணக்கான இளைஞர் மாண்ட பின்னரே இவ்வுண்மை அரச ஏட்டில் ஏறிற்று. ஏறியும் என்ன பயன்? வாசலில் நிற்கும் பழக்கம் மறையவில்லை.

இரவல் அட்டையைப் பெறும் அதிகாரி அதன் பின்புறத்தைப் படிக்கிறார். எதிரே நிற்பவனைப் படிப்பதில்லை. அவன் கணக்கில் வல்லவனா, மும்மொழியும் எழுத வல்லவனா என்ற வினாவே அங்கு எழுவதில்லை. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வயல் செய்யும் பிரதேசத்தில் இதனால் விளையும் கேடு இன்னும் பெரிது. தமிழ் இளைஞன் ஒரு வாசலுக்கும் முஸ்லிம் இளைஞன் வேறொரு வாசலுக்கும் செல்கின்றனர். ஒருவனுக்கு இடம் கிடைத்தால், மற்றவன் தன் சமூகமே தோற்றதாக எண்ணுகிறான். இருவருள் எவன் தகுதியுடையவன் என்பதை அறிந்தார் எவருமிலர்.

தன் பெயரைத் தானே அச்சிட்டு நீட்டுதல் தற்பெருமை அன்றோ என்பர் சிலர். கல்முனைக் கடைத்தெருவில் மின்னிணைப்பாளரும் தச்சரும் தத்தம் தொழிலையும் தொலைபேசி இலக்கத்தையும் பலகையில் எழுதி வைத்துள்ளனர். அதனைப் பெருமை என்று எவரும் பழித்ததில்லை. பட்டதாரி மட்டும் ஏன் கூச வேண்டும்? அரச நியமனம் ஒன்றே தொழில், அது வரும்வரை தான் ஒன்றுமில்லாதவன் என அவன் நம்புவதே காரணம். ஊரும் அவ்வாறே நம்புகிறது. யப்பானியர் அட்டையை இரு கைகளாலும் வாங்கி, நின்று படித்த பின்னரே பேசத் தொடங்குவர். அத்துணை சடங்கு நமக்கு வேண்டியதில்லை, படித்தாற் போதும்.

அரச சேவைக்குப் போட்டிப் பரீட்சையே வழியாதல் வேண்டும். அங்கு எவருடைய அட்டைக்கும் இடமில்லை, இளைஞனின் சொந்த அட்டைக்கும் இல்லை. ஆயின் அரிசி ஆலையும் மருதமுனைக் கைத்தறி வணிகமும் கட்டட ஒப்பந்தகாரரும் ஆட்சேர்ப்பை வர்த்தமானியில் விளம்பரப்படுத்துவதில்லை. அங்கு வேலை வாய்மொழியால் வருகிறது. தேவை எழும் நாளில் எவன் பெயர் நினைவில் நிற்கிறதோ அவனுக்கு வருகிறது. அட்டையின் பயன் அவ்வளவே; அதற்குமேல் அதில் மந்திரம் எதுவுமில்லை. ‘பி.ஏ.’ என்று மட்டும் பொறித்த அட்டை மேசை இழுப்பறையில் உறங்கும். ‘கணக்குப் பதிவு, சிங்களக் கடிதத் தொடர்பு’ என்று பொறித்தால், ஆலை உரிமையாளர் அதனைத் தேடி எடுப்பார். பின்புறம் வெறுமையாக இருத்தல் நன்று. ‘அறுவடை முடிய வரச்சொல்’ என்று அவர் குறித்துக்கொள்ள இடம் வேண்டுமல்லவா?