வாளுக்குத் தெரியாத ஜிம்மு

ஜப்பானின் முதல் பேரரசர் ஜிம்மு கி.மு. 660இல் அரியணை ஏறியது ஐயத்துக்கு இடமில்லாத வரலாறாம். சென்ற இதழில் கட்டுரையாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். சான்று? இனாரியாமா வாள்.

அந்த வாளையே பார்ப்போம். சைத்தாமா மாநிலத்தின் பழங்காலக் கல்லறை மேடு ஒன்றில் 1968இல் அது கிடைத்தது. பத்து ஆண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்தபோது, துருவுக்கு அடியில் பொன் பதித்த 115 எழுத்துகள் தெரிந்தன. வொவாகே என்பவர் தம் குலத்தின் எட்டுத் தலைமுறையை வரிசையாகச் சொல்லி, வகாத்தகேரு மன்னரிடம் பணியாற்றியதைப் பொறித்திருக்கிறார். அந்த மன்னர் யூரியாக்கு என்றும் ஆண்டு 471 என்றும் பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். ஜப்பானின் பழைய வரலாற்று நூலான 'நிஹோன் ஷோகி' அவருக்குத் தரும் ஆட்சிக்காலம் 456–479, பொருந்துகிறது. ஐந்தாம் நூற்றாண்டுக்குச் சான்று கிடைத்தது, மகிழ்ச்சி. அந்த 115 எழுத்தில் ஜிம்மு எங்கே? இடையில் ஆயிரத்து நூறு ஆண்டுக்கு மேல் கிடக்க, மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார் நம்மவர்.

சரி, நூல்களுக்கே வருவோம். ஜிம்மு 137 வயது வாழ்ந்தார் என்கிறது 'கொஜிகி' (712). 127 என்கிறது 'நிஹோன் ஷோகி' (720). இரண்டும் உண்மை என்றால் அந்தப் பத்து வயது எங்கே போயிற்று? கொரியாவின் பெக்சே நாட்டுத் துறவி குவல்லுக் 602இல் நாட்காட்டி நூல்களைக் கொண்டுவந்தார் என்று எழுதியிருப்பதும் இதே 'நிஹோன் ஷோகி'தான். அப்படியானால் அதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டு முன்பு நடந்த முடிசூட்டலுக்கு மாதமும் நாளும் குறித்து வைத்தவர் யார்? சீனச் சோதிடக் கணக்கின்படி 601இலிருந்து 1,260 ஆண்டு பின்னோக்கிக் கணித்த தேதி அது என்று மெய்ஜி காலத்திலேயே விளக்கிவிட்டார் வரலாற்றறிஞர் நாக்கா மிச்சியோ.

ஐயப்படுவது மேலைநாட்டு நோய் என்ற வசையும் கட்டுரையில் உண்டு. நாக்கா ஜப்பானியர். வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் ட்சுதா சோகிச்சியும் ஜப்பானியர்தான். இதே ஐயத்தை எழுதியதற்காக 1940இல் அவர் நூல்களுக்குத் தடை, 1942இல் நீதிமன்றத் தண்டனை. ஜிம்முவின் 2,600ஆம் ஆண்டு விழாவை அரசு கொண்டாடியதும் அதே 1940இல்தான். கட்டுரையாளர் யார் பக்கம் நிற்கிறார் என்று புரிகிறதா?

கடைசியாக ஒன்று. 'நிஹோன் ஷோகி'யின் முதன்மைக் கதையில் சூரிய தேவதை அமதெராசு இசனாகி, இசனாமி இணையருக்குப் பிறக்கிறாள். அதை அடுத்துத் தரப்படும் மாற்றுக் கதை ஒன்றில், இசனாகி இடக்கண்ணைக் கழுவும்போது தோன்றுகிறாள். அந்த ஒரு பகுதிக்கு மட்டும் பதினொரு மாற்றுக் கதைகள், 'ஒரு நூலில் இப்படி' என்ற குறிப்போடு. அரசாணைக்கு எழுதியவர்களே பிற கதைகளை மறைக்கவில்லை. எந்த ஆணையும் இல்லாமல் மறைக்கிறார் நம்மவர். நூலைத் திறந்து படித்துவிட்டு மறுபடி எழுதட்டும். அதற்கும் பதில் தரத் தயார்.