ஓடுகிற மெஷினுக்கு ஓய்வா?

விண்டோஸ் 10-க்கு இலவசமாக வழங்கி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோஸாஃப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறுங்கள் என்கிறது. மாறுவதற்கு மெஷின் இடம் கொடுக்க வேண்டாமா? இன்டெல் பிராஸஸர் என்றால் பொதுவாக எட்டாவது தலைமுறையாவது இருக்க வேண்டுமாம். 2017 ஜனவரியில் மேஜைக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த ஏழாவது தலைமுறைக்கு இடமில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அறிமுகமான எட்டாவதற்கு உண்டு.

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில், பிள்ளைகள் படிப்புக்கென்று பழைய லேப்டாப் வாங்கும் நம்மவர்களுக்கு இந்த வித்தியாசத்தை யார் எடுத்துச் சொல்வது? 'ஐ7' என்று ஸ்டிக்கர் இருந்தால் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆறாவது தலைமுறையிலும் ஐ7 உண்டு.

பாதுகாப்புக்காகத்தான் இந்தக் கெடுபிடி என்கிறது கம்பெனி. ரகசியத் திறவுகோல்களைப் பூட்டி வைக்கும் டி.பி.எம். 2.0 வசதி கட்டாயம் என்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏழாவது தலைமுறை மெஷின்கள் பலவற்றிலும் அது உண்டே! 2021-ல் அந்தத் தலைமுறையில் விலக்குப் பெற்ற சிலவற்றில் ஐ7-7820எச்.க்யூ. ஒன்று. மைக்ரோஸாஃப்டே விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-ல் இருந்தது அதுதான். தன் பிள்ளைக்கு ஒரு நியாயம், ஊரார் பிள்ளைக்கு வேறொன்று.

மறுபக்கமும் கதவு அடைப்புத்தான். புதிய பிராஸஸர் வாங்கிப் பழைய விண்டோஸ் 7-ஐப் போட்டவர்களுக்கு 2017-லேயே திருத்தங்களை நிறுத்தினார்கள். வை-ஃபை 7 கார்டு வாங்கிச் செருகினாலும் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பாவது இல்லாமல் அந்த வசதி கிட்டாது.

லினக்ஸைப் பாருங்கள். 1985-ல் வந்த 386 பிராஸஸருக்கு 2012-ல்தான் விடை கொடுத்தது!

ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் குரல் எழுப்பின. அங்குள்ளவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கட்டணமின்றி, நிபந்தனையும் தளர்ந்து கிடைத்தது. நம் நுகர்வோர் சங்கங்கள் என்ன செய்கின்றன? மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி அச்சிடுவதுபோல், எந்தத் தேதிவரை திருத்தங்கள் வரும் என்பதைக் கம்ப்யூட்டர் பெட்டியிலேயே அச்சிட மத்திய அரசு சட்டம் செய்ய வேண்டும்.

அதுவரை, பழைய மெஷின் வாங்குவோர் ஐ5, ஐ7-க்குப் பின்னால் வரும் நான்கிலக்க எண்ணைப் பார்க்கட்டும். முதல் இலக்கம் இரண்டு முதல் ஏழுவரை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். பில்லிலும் அந்த எண்ணை எழுதி வாங்குங்கள்.