வாடிக்கையாளரின் கணக்கு கடைக்காரர் மெயிலில் எதற்கு?

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அதிலிருந்து, "பதினொண்ணு போட்டோம், உள்ளேயே போக முடியலை" என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வருவோர் கூடிவிட்டார்கள்.

வருகிற சிக்கல்களில் பலவும் சில்லறைச் சிக்கல்கள். நம் ஊரில் பாஸ்வேர்டு என்றாலே பெயர், அப்புறம் ஒரு @, அப்புறம் 123. கீபோர்டு அமைப்பு பிரிட்டன் ஆங்கிலத்துக்கு மாறியிருந்தால், ஷிஃப்ட்டோடு 2-ஐ அழுத்தும்போது @ வராது, மேற்கோள்குறி விழும். கட்டத்தின் ஓரத்திலுள்ள கண் படத்தை அழுத்தினால் என்ன விழுகிறது என்பது தெரிந்துவிடும். கீழே வலது மூலையில் கீபோர்டை மாற்றிக்கொள்ளலாம். பின் நம்பர் செல்லவில்லை என்றாலும் பதற வேண்டாம். பின் அந்த ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் உரியது. கணக்கின் பாஸ்வேர்டு வேறு. உள்நுழையும் திரையில் பாஸ்வேர்டு வழி காட்டினால் அதற்கு மாறிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் "ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பவரிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்காதீர்கள்.

நான் பயப்படுவது நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும் கம்ப்யூட்டருக்குத்தான். விண்டோஸ் 11-ஐப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்ளே போனால், வசதியுள்ள கம்ப்யூட்டர்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடும். 2024-இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பரவலாகிவிட்டது. திறக்கும் எண் அந்தக் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு பயாஸ் அப்டேட்டோ மதர்போர்டு மாற்றமோ நடந்தால் கம்ப்யூட்டர் அந்த எண்ணைக் கேட்கலாம். 2024 ஜூலையில் வந்த பாதுகாப்பு அப்டேட்டே சில கம்ப்யூட்டர்களை இந்தத் திரையில் கொண்டுபோய் நிறுத்தியது.

தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளை ஒருவர் அப்படித்தான் வந்தார். "அண்ணாச்சி, டாலி கணக்கை மட்டும் எடுத்துக் கொடுங்க, போதும்" என்றார். ஓஎஸ் போட்டது வேறொரு கடை. அங்கே வேலை பார்த்த பையன் அவசரத்துக்குத் தன் மெயிலில் கணக்குத் திறந்திருக்கிறான். பையன் இப்போது திருப்பூரில். போனில் பிடித்தோம், அந்த மெயிலின் பாஸ்வேர்டு அவனுக்கே நினைவில்லை. தொலைந்த எண்ணை மைக்ரோசாஃப்ட்டாலும் தர முடியாது. டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, காகித பில்களை வைத்து மறுபடி கணக்கு ஏற்றினார்கள்.

என்கிரிப்ஷன் கெட்டது என்று சொல்ல வரவில்லை. லேப்டாப் திருடு போனால் உள்ளிருப்பதைக் காப்பது அதுதான். ஆனால், நிறுவும்போது கணக்கைக் கட்டாயமாகக் கேட்கிற நிறுவனம், "இதோ உங்கள் எண், எழுதி வைத்துக்கொண்டால்தான் மேலே போகலாம்" என்று ஒரு திரையைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அதைவிட எனக்குக் கோபம் எங்கள் தொழில்காரர்கள் மேல்தான். "வாடிக்கையாளருக்கு மெயிலே கிடையாது, ஓடிபி வர நேரமாகும், மேசையில் இன்னும் நாலு சிஸ்டம் கிடக்கு" என்பார்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவரிடம் பெரும்பாலும் ஒரு ஜிமெயில் இருக்கும். அந்த முகவரியை வைத்தே மைக்ரோசாஃப்ட் கணக்குத் திறக்கலாம். மிஞ்சிப் போனால் பத்து நிமிடம். அதை மிச்சம் பிடிக்கப் போய் அடுத்தவரின் மொத்தக் கணக்கையும் நம் மெயிலில் பூட்டி வைப்பது தொழில் தர்மம் ஆகாது.

கம்ப்யூட்டரைக் கடையில் கொடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஓஎஸ் போட்டதும் "எந்த மெயிலில் கணக்குத் திறந்தீர்கள்?" என்று கேளுங்கள். உங்கள் மெயில் இல்லையென்றால் அங்கேயே நின்று மாற்றச் சொல்லுங்கள். ரெக்கவரி கீயைக் காகிதத்தில் அச்செடுத்து, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். அந்த லேப்டாப்புக்குள்ளேயே சேமித்து வைக்காதீர்கள். இரண்டும் முடியும்வரை சர்வீஸ் காசைக் கொடுக்காதீர்கள்.