படைப்பும் உரிமையும் – ஒரு தொலைக்காட்சிக் குழுமம் கற்பிக்கும் பாடம்

தொலைக்காட்சியைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் நம் பெரியோர்கள் அதன் உள்ளடக்கத்தைக் குறைகூறக் காண்கிறோம். நெடுந்தொடர்களில் குடும்பப் பூசலும் பழிவாங்கலும் மலிந்துள்ளன என்பதும், மாணவர்தம் படிப்பு நேரம் பாழாகிறது என்பதும் அவர்தம் கவலை. அக்கவலையில் நியாயம் உண்டு. ஆயினும் அதற்கு முன் கேட்க வேண்டிய வினா ஒன்று உள்ளது எனக் கருதுகிறோம். சின்னத்திரையில் தோன்றும் ஒரு படைப்பு யாருக்கு உரியது? எழுதியவர்க்கா, தயாரித்தவர்க்கா, ஒளிபரப்பியவர்க்கா? இவ்வினாவுக்குப் பிரிட்டன் அளித்த விடையால் அந்நாட்டில் ஒரு தொழிலே தழைத்தது. அங்குத் தோன்றிய ‘ஆல் த்ரீ மீடியா’ என்னும் சுயேச்சைத் தயாரிப்பு, விநியோகக் குழுமத்தின் வளர்ச்சி அதற்குத் தக்க சான்றாகும்.

சட்டம் இட்ட வித்து

பிரிட்டனில் நெடுங்காலம் பி.பி.சி.யும் ஐ.டி.வி. வலையத்தைச் சார்ந்த நிறுவனங்களும் தமக்கு வேண்டிய நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவற்றைத் தாமே தயாரித்துக்கொண்டன. 1982 நவம்பரில் தொடங்கப்பெற்ற சேனல் ஃபோர் இந்நிலையை மாற்றியது. நூல்களை வெளியிடும் பதிப்பகத்தைப் போல, பிறர் ஆக்கிய நிகழ்ச்சிகளைப் பெற்று ஒளிபரப்பும் அமைப்பாக அது உருவாயிற்று. அடுத்து, பி.பி.சி.யும் ஐ.டி.வி.யும் செய்தி முதலியன நீங்கலாக உள்ள தம் நிகழ்ச்சி நேரத்தில் குறைந்தது 25 விழுக்காட்டைச் சுயேச்சைத் தயாரிப்பாளர்க்கு ஒதுக்க வேண்டும் என 1990ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் விதித்தது.

இவற்றால் தயாரிப்பாளர்க்கு வேலை கிடைத்தது, உரிமை கிடைக்கவில்லை. செலவை ஏற்ற நிலையமே பெரும்பாலும் உரிமைகளையும் தன்னிடம் வைத்துக்கொண்டது. வீட்டைக் கட்டிய கொத்தனார் கூலியோடு செல்ல, வாடகை முழுவதும் வேறொருவரைச் சேர்ந்த நிலை அது. 2003ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டம் இதனை மாற்ற வழி செய்தது. அச்சட்டத்தின் வழிப் பிறந்த நடைமுறை விதிகளின்படி, நிலையம் தன் நாட்டில் குறித்த காலத்துக்கு ஒளிபரப்பும் உரிமத்தைப் பெறும். வெளிநாட்டு விற்பனை, மறு ஆக்கம் முதலிய ஏனைய உரிமைகள் தயாரிப்பாளரிடமே தங்கும்.

குழுமத்தின் வளர்ச்சி

அதே 2003ஆம் ஆண்டில், கிரனாடா நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஸ்டீவ் மாரிசன் தம் தோழர்களுடன் கிறிசாலிஸ் நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவை வாங்கி ஆல் த்ரீ மீடியாவைத் தொடங்கினார். 1997 முதல் ஐ.டி.வி.யில் வெளிவரும் ‘மிட்சமர் மர்டர்ஸ்’ என்னும் துப்பறியும் தொடர் இவ்வாறு அக்குழுமத்தின் வசமாயிற்று. கரோலின் கிரஹாம் எழுதிய நாவல்களை வேராகக் கொண்டது அத்தொடர். ஓர் எழுத்தாளரின் சில நாவல்கள் பல பத்தாண்டுகளாகப் பல நாடுகளில் விலைபோகும் பொருளாயின என்பதை இலக்கிய மாணவர்கள் உன்னிக்க வேண்டும்.

குழுமத்தார் கையாண்ட முறையும் கருதத்தக்கது. வாங்கிய நிறுவனங்களை அவர்கள் கரைத்து ஒன்றாக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் பெயரோடும் தன் படைப்புத் தலைமையோடும் இயங்கிற்று. உலக விற்பனையை மட்டும் பொதுவான விநியோகப் பிரிவு ஒன்று ஏற்றது. 2024ஆம் ஆண்டளவில் நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதன்கீழ் இருந்தன.

உரிமையின் ஆற்றலை விளக்க ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 1629இல் ஆஸ்திரேலியக் கரையருகே உடைந்த ‘பட்டாவியா’ என்னும் டச்சுக் கப்பலில் நிகழ்ந்த சதியிலிருந்து கருவைப் பெற்று, குழுமத்தின் நெதர்லாந்துக் கிளையான ஐ.டி.டி.வி. ஒரு போட்டி நிகழ்ச்சியை 2021இல் ஆக்கியது. ‘துரோகிகள்’ என்பது அதன் பெயர்ப்பொருள். 2022இல் பி.பி.சி. அதனைத் ‘தி டிரெய்ட்டர்ஸ்’ எனத் தன் நாட்டுக்கு ஏற்ப ஆக்கி ஒளிபரப்பியது. பிரிட்டன் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் ஸ்காட்லாந்தில் ஒரே மாளிகையில் படமாக்கப்பட்டன. 2025 ஜூனில் கரண் ஜோஹர் நடத்த, அமேசான் பிரைமில் அதன் இந்திப் பதிப்பும் வந்தது. வஞ்சகத்தையே விளையாட்டாக்கும் அந்நிகழ்ச்சியை நாம் பரிந்துரைக்க முன்வரவில்லை. ஒரு சிறு நாட்டில் பிறந்த கருத்து, அதன் உரிமை காக்கப்பட்டமையால் நாடுதோறும் பொருள் ஈட்டுகிறது என்பதையே சுட்டுகிறோம்.

நாணயத்தின் மறுபக்கம்

இவ்வளர்ச்சியை முற்றும் புகழ்வதற்கில்லை. 2006இல் பெர்மிரா என்னும் முதலீட்டு நிறுவனத்தின் கைக்குக் குழுமம் சென்றது. 2014இல் டிஸ்கவரியும் லிபர்ட்டி குளோபலும் இணைந்து 55 கோடி பவுனுக்கு வாங்கின. 2024இல் அபுதாபி முதலீட்டின் துணையுடைய ரெட்பேர்ட் ஐ.எம்.ஐ. 115 கோடி பவுனுக்கு வாங்கிற்று. பெருநிலையங்களின் பிடியிலிருந்து விடுபட்ட படைப்பாளர்கள் பெருமுதலின் பிடிக்குள் வந்தனர் என்று ஒருவர் கூறின் நாம் மறுக்க இயலாது. ஆயினும் உரிமை கையில் இருந்தமையால்தான் அவர்கள் விலைபேசும் இடத்தில் நின்றனர். உரிமை இல்லாதவரை எவரும் விலைபேச அழைப்பதில்லை.

நம் நிலை

தமிழ்க் கதைகளும் எல்லை கடக்கவே செய்கின்றன. 2018இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ 2021இல் இந்தியில் ‘பாண்டியா ஸ்டோர்’ எனப் புத்துருவம் பெற்றது. சரக்கு நம்மிடம் உண்டு. ஆனால் நம் துறையில் பயின்று சின்னத்திரைக்கு உரையாடல் எழுதச் சென்ற மாணவர் சிலர், நாட்கூலி பெற்று, பெயர்ப்பட்டியலில் இடமும் பெறாமல் திரும்பியதை நாம் அறிவோம். எதில் கையொப்பமிட்டோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இவ்வகையில் கூறுவது யாது? தொலைக்காட்சித் தொடரும் அச்சட்டத்தின் பார்வையில் திரைப்பட வகையுள் அடங்கும். பணம் கொடுத்து ஆக்கச் சொன்னவரே, வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, அதன் முதல் உரிமையாளர். ஆனால் கதை, உரையாடல் ஆகிய எழுத்தின் முதல் உரிமை எழுதியவர்க்கே உரியது; அவர் எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தாலன்றி அது பிறர்க்குச் செல்லாது. காலம் குறிக்கப்படாவிடின் அம்மாற்றம் 5 ஆண்டுக்கே செல்லும். இடம் குறிக்கப்படாவிடின் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். 2012ஆம் ஆண்டின் திருத்தமோ, திரையரங்குக்கு வெளியே படைப்பு பயன்படும்போது எழுத்தாளர்க்குச் சேரவேண்டிய பங்கை அவர் விட்டுக்கொடுக்கவும் முடியாது என்று அரண் செய்துள்ளது. இத்துணை அரண் இருந்தும் அறியாமையால் இழக்கிறோம்.

எனவே நாம் வேண்டுவன மூன்று. தமிழ்த் துறைகளில் ஊடக எழுத்தைக் கற்பிப்போர், அதனோடு ஒப்பந்தம் படிக்கவும் கற்பிக்க வேண்டும். மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுப்பில் வரிவரியாகப் பயிற்றுவிக்க ஒரு வாரம் போதும். பிரிட்டனைப் போல, தயாரிப்பாளர்க்கும் எழுத்தாளர்க்கும் உரிமை தங்கும் விதிகளை இங்கும் வகுக்குமாறு அரசை வலியுறுத்த வேண்டும். தொலைக்காட்சியின் தரம் குறித்து வருந்தும் சமுதாயப் பெரியோர்கள், வணிகத்தில் தாம் பெற்ற பட்டறிவையும் பொருளையும் இளம் படைப்பாளர்களின் சிறு நிறுவனங்களுக்கு வழங்க முன்வர வேண்டும். கடை வைக்கவும் பண்டம் ஏற்றுமதி செய்யவும் அறிந்த நம்மவர்க்குக் கதையும் ஓர் ஏற்றுமதிப் பொருள் என்பது விளங்காமற் போகாது.

பிறர் ஆக்குவதைக் குறைகூறிக்கொண்டிருக்கும்வரை நாம் பார்வையாளரே. எழுதவும், எழுதியதைக் காக்கவும் நம் மாணவர்கள் கற்றுக்கொள்வார்களாயின், திரையில் எது தோன்ற வேண்டும் என்று சொல்லும் தகுதியும் நமக்கு வாய்க்கும்.